கல்லைக் காத்தால் போதுமா?

இடி என்று உத்தரவிட்டான் முதலாளி. இடிக்க மாட்டோம் என்று கடப்பாரையைக் கீழே வைத்தான் கூலிக்காரன். கூலி போதவில்லை என்பதற்காகவா? இல்லை. வேலை நேரம் கூடிவிட்டது என்பதற்காகவா? அதுவும் இல்லை. அந்தச் சுவருக்குப் பின்னே தன்னைப் போன்ற இன்னோர் ஏழை குடியிருக்கிறான் என்பதற்காக!

கட்டுக்கதையல்ல, தோழர்களே! ஆஸ்திரேலிய நாட்டின் சிட்னி நகரில், 1971 முதல் 1975 வரை நடந்த நிகழ்ச்சி இது. சட்டம் கைகொடுக்காத நேரத்தில், ஆட்சி முகம் திருப்பிக்கொண்ட நேரத்தில், படித்தவர்களின் மனுக்கள் குப்பைக் கூடைக்குப் போன நேரத்தில், ஒரு மாநகரின் பழைய தெருக்களைக் காத்து நின்றவர்கள் யார் தெரியுமா? மண் வெட்டுவோரும், சாரம் கட்டுவோரும், காங்கிரீட் சுமப்போரும்தான்.

பழைய குடியிருப்பைக் காப்பதா, இடித்துப் பல மாடி எழுப்புவதா என்ற வழக்கு இன்று பெருநகரங்கள் பலவற்றிலும் நடக்கிறது. "பழமை அழியலாமா? பாட்டன் நடந்த தெரு அல்லவா?" என்று கண்ணீர் வடிக்கின்றனர் ஒரு சாரார். "மக்கள் பெருகுகின்றனர், வீடில்லாதார் வீதியில் நிற்கின்றனர், ஒரு குடும்பம் இருக்கும் இடத்தில் பத்துக் குடும்பம் இருக்கட்டுமே!" என்று கணக்குக் காட்டுகின்றனர் மறு சாரார். இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. இரண்டு பேச்சுக்குள்ளும் புகுந்து ஒளிந்துகொள்ளும் சூதும் உண்டு. இதைப் பிரித்தறிய உரைகல் ஒன்று வேண்டும். அந்த உரைகல்லைச் சிட்னித் தொழிலாளி நமக்குத் தருகிறான். ஆகவேதான் அவன் வரலாற்றை எடுத்துச் சொல்ல முற்பட்டோம்.

பாறை மேல் குடியிருந்தோர்

சிட்னித் துறைமுகத்தின் ஓரத்தில், மணற்பாறைச் சரிவின் மீது அமைந்தது 'ராக்ஸ்' என்னும் பகுதி. பாறைகள் என்பதே அப்பெயரின் பொருள். அதையொட்டி நிற்பது மில்லர்ஸ் பாயின்ட். கடிகல் எனப்படும் பூர்வகுடி மக்களின் மண் அது. 1788இல் பிரிட்டிஷார் தம் நாட்டுக் கைதிகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து இறக்கி, குடியேற்றம் அமைத்ததும் அங்கேதான். கைவிலங்கு பூட்டிய கைதிகள் 1843இல் பாறையைக் குடைந்து வழி வெட்டத் தொடங்கினர். அந்த வேலை முடிந்தது 1859இல்! இன்றும் அந்த வெட்டுவழியில் உளியின் தழும்பு இருக்கிறது.

கைதிகளுக்குப் பிறகு அங்கே குடியேறியவர்கள் யார்? கப்பலில் சுமை ஏற்றியவர்கள், இறக்கியவர்கள், மாலுமிகள், கிடங்குக் கூலிகள். சுவரோடு சுவர் ஒட்டிய சிறு வீடுகளில் வாழ்ந்தனர். காலையில் சங்கு ஊதினால் நடந்தே வேலைக்குப் போகும் தொலைவு. வேலை கிடைக்காத நாளில் அடுத்த வீட்டு அடுப்பை நம்பி வாழும் நெருக்கம்.

1900இல் சிட்னியில் பிளேக் நோய் புகுந்தது. 103 பேர் மாண்டனர். நோயைக் காரணம் காட்டித் துறைமுகத்தை ஒட்டிய நிலத்தையும் வீடுகளையும் அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. தெருத் தெருவாக இடித்தனர். இடித்தது போக எஞ்சியவற்றுக்கும், புதிதாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளுக்கும் துறைமுக நிர்வாகமே வீட்டுக்காரராக அமர்ந்தது. பிறகு துறைமுகப் பாலம் வந்தது. 1932இல் திறக்கப்பட்ட அந்தப் பெரும் பாலத்தின் அணுகு சாலைக்காக மேலும் நூற்றுக்கணக்கான வீடுகள் போயின. ஒரு தெரு முழுவதுமே வரைபடத்திலிருந்து மறைந்தது. இத்தனைக்கும் பிறகு எஞ்சி நின்றவர்கள் அங்கேயே பிள்ளை பெற்றனர், பேரன் கண்டனர். அரசுக்கு வாடகை கொடுத்தபடியே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர்.

பாறையை எவரும் விரும்பாத காலத்தில் அது ஏழையின் பாறை. அதன் உச்சியில் நின்றால் கடல் தெரிகிறது, பாலம் தெரிகிறது என்று பணக்காரன் கண்டுகொண்ட நாளில்தான் அது 'பயன்படுத்தப்படாத நிலம்' ஆகிவிட்டது!

1960களில் சிட்னியில் கட்டிட வெறி பிடித்தது. எங்கு நோக்கினும் பாரந்தூக்கி. எங்கு நோக்கினும் கண்ணாடிக் கோபுரம். 1968இல் சட்டம் ஒன்று நிறைவேறியது. ராக்ஸ் பகுதியைத் திருத்தியமைக்கத் தனி ஆணையம் பிறந்தது. திட்டம் என்ன? பழைய வீடுகளைப் பெரும்பாலும் தரைமட்டமாக்கி, அலுவலகக் கோபுரங்களும், ஓட்டல்களும், உயர்ந்த அடுக்கு மாளிகைகளும் எழுப்புவது. அங்கே இருந்தவர்களின் கதி? அவர்களை நகரின் தொலைதூர எல்லைக்கு அனுப்பிவிடுவது. நெருக்கமாகக் கட்டுவதாம், நிறையப் பேரைக் குடியேற்றுவதாம்! ஆனால், ஏற்கெனவே குடியிருந்தவனுக்கு மட்டும் அந்த நெருக்கத்தில் இடமில்லை.

கடப்பாரையைக் கீழே வைத்தவர்கள்

அந்நாளில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கட்டிடக் கூலித் தொழிலாளர் சங்கம் ஒன்று இருந்தது. சுமார் 11,000 உறுப்பினர்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் சித்தாள், மண் வெட்டுவோர், சாரக்காரர், இடிப்பு வேலைக்காரர். பாரந்தூக்கியின் கொக்கியில் தொங்கும் சுமையின் மேல் ஏறி நின்றுகொண்டு, வானத்தில் பறந்து வேலை செய்த துணிச்சல்காரர்களும் அதில் இருந்தனர். உண்ண நிழல் இல்லை, கழுவத் தண்ணீர் இல்லை, ஒதுங்க இடமில்லை என்ற நிலையில் கிடந்தவர்களை மனிதர்களாக மதிக்கச் செய்தது அந்தச் சங்கம்.

1968இல் அதன் செயலாளர் ஆனவர் ஜாக் மன்டி. வட குவீன்ஸ்லாந்து நாட்டுப்புறத்தில் 1929இல் பிறந்தவர். ரக்பி பந்தாட்டம் ஆடச் சிட்னிக்கு வந்து கட்டிடத் தொழிலாளியானவர். ஆஸ்திரேலியக் கம்யூனிஸ்டுக் கட்சியைச் சேர்ந்தவர். அவரும், சங்கத் தலைவர் பாப் பிரிங்கிளும், ஜோ ஓவன்ஸும் சங்கத்தை நடத்திய முறையே வேறு. முக்கிய முடிவெல்லாம் வேலையை நிறுத்திக் கூடும் பொதுக்கூட்டத்தில்தான். சங்கப் பொறுப்புக்கும் கால வரம்பு வைத்தனர். அந்த வரம்பின்படியே 1973இல் செயலாளர் பதவியை விட்டு இறங்கினார் மன்டி. நாற்காலியில் ஒட்டிக்கொண்டவரல்லர்.

தொழிலாளிக்குக் கூலி உயர்ந்தால் மட்டும் போதுமா? வேலை நேரம் குறைந்தால் மட்டும் போதுமா? வேலை முடிந்து அவன் திரும்பும் நகரம் வாழத் தகுதியற்றதாகிவிட்டால், அந்தக் கூலியை எங்கே கொண்டுபோய்ச் செலவழிப்பது? இதுதான் அவர்கள் எழுப்பிய கேள்வி. தன் கைகளால் எழுப்பும் கட்டிடம் யாருக்குப் பயன்படுகிறது, யார் தலையில் விழுகிறது என்று கேட்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்றனர். உழைப்பை விற்கிறோம், மனச்சாட்சியைச் சேர்த்து விற்கவில்லை என்பதே அதன் பொருள்.

முதல் சோதனை 1971 ஜூன் மாதம் வந்தது. எங்கே? ஏழைகள் தெருவிலா? விந்தை என்னவென்றால், வசதி படைத்தோர் வாழும் ஹன்டர்ஸ் ஹில் என்ற ஊரில்! ஆற்றங்கரையில் எஞ்சியிருந்த கெல்லீஸ் புஷ் என்னும் சிறு காட்டை அழித்து ஆடம்பர வீடுகள் கட்டத் திட்டம். அவ்வூர்ப் பெண்கள் 13 பேர் எதிர்த்தனர். மந்திரியிடம் போனார்கள், நகராட்சியிடம் போனார்கள், நடக்கவில்லை. கடைசியில், அவர்கள் வாழ்வில் என்றுமே எட்டிப் பார்த்திராத இடத்துக்கு வந்தார்கள் — தொழிற்சங்கத்தின் வாசலுக்கு!

சங்கம் என்ன சொல்லிற்று? "உங்கள் ஊர் மக்கள் கூட்டத்தைக் கூட்டுங்கள். அவர்கள் கேட்கட்டும். கேட்டால் செய்கிறோம்" என்றது. 600 பேர் திரண்டனர், கேட்டனர், தடை பிறந்தது. சங்கத்தில் சேராத ஆட்களை வைத்து வேலையை முடிப்போம் என்று மிரட்டியது கட்டிடக் கம்பெனி. அதே கம்பெனி வேறோர் இடத்தில் எழுப்பிக்கொண்டிருந்த அலுவலகக் கட்டிடத்தில் வேலை செய்த தொழிலாளர்கள் கூடினர். காட்டில் ஒரு மரம் விழுந்தாலும் இந்தக் கட்டிடம் பாதியில் நின்றது நின்றதுதான் என்று அறிவித்தனர். அத்தோடு அடங்கிற்று மிரட்டல். இன்றும் அந்தக் காடு நிற்கிறது.

மன்டி அதற்குப் 'பசுமைத் தடை' என்று பெயர் வைத்தார். கருப்புத் தடை என்பது தொழிற்சங்கங்களின் பழைய ஆயுதம். கூலிக்காக, பாதுகாப்புக்காக வேலையை மறுப்பது அது. ஊருக்காக, ஊராரின் உரிமைக்காக மறுப்பது பசுமைத் தடை.

விதி ஒன்று வகுத்தனர், தோழர்களே! நன்றாகக் கவனியுங்கள். சங்கம் தானாக எந்த இடத்திலும் தடை போடாது. அங்கே குடியிருப்போர் கூட்டம் கூடி, பெரும்பான்மையோர் கேட்க வேண்டும். எது காக்கத் தக்கது என்பதை முடிவு செய்வது அங்கே வாழும் மனிதன். நிபுணர் வந்து ஆலோசனை சொல்லலாம். சங்கம் பக்கத்தில் நிற்கலாம். சொல்லவேண்டிய சொல் குடியிருப்பவனுடையது.

ராக்ஸ் போர்

1971 முடியும் வேளையில் ராக்ஸ் மக்கள் அந்த வாசலைத் தட்டினர். நீட்டா மக்ரே என்ற பெண்மணி முன்னின்று அமைத்த குடியிருப்போர் குழு சங்கத்தை நாடியது. தடை விதிக்கப்பட்டது. இடிப்பு வேலை நின்றது. வெறுமனே "வேண்டாம்" என்று சொல்லி உட்கார்ந்துவிடவில்லை அந்த மக்கள். கட்டிடக் கலைஞர்களின் துணையோடு தாங்களே மாற்றுத் திட்டம் தீட்டினர். எதை வைத்துக்கொள்ள வேண்டும், எங்கே புதிது கட்டலாம், இருப்பவர் இங்கேயே இருக்க என்ன வழி என்று எழுதிக் காட்டினர்.

1973 அக்டோபரில் சங்கத்தைச் சேராத ஆட்களைக் கொண்டு இடிப்பைத் தொடங்கினர். குடியிருப்போரும் தொழிலாளரும் ஒன்று திரண்டு மறித்தனர். போலீஸ் வந்தது. பலர் கைதாயினர்; மன்டியும் கைதானார். போலீசார் அவரைத் தூக்கிச் செல்லும் படம் உலகெங்கும் பரவிற்று. பழைய வீட்டை இடிப்பது சட்டம், காப்பது குற்றம்! இதுதான் அன்றைய நீதி.

1971 முதல் 1975க்குள் இப்படி நாற்பதுக்கு மேற்பட்ட தடைகள். அரசு தாவரத் தோட்டத்தின் அத்திமரங்களைப் பலிகொண்டு ஆப்பெரா மாளிகைக்குக் கார் நிறுத்தம் அமைக்க இருந்த திட்டம் நின்றது. சென்டெனியல் பூங்காவில் விளையாட்டு அரங்கம் எழுப்பும் திட்டம் நின்றது. ரெட்ஃபர்ன் பகுதியில் பூர்வகுடி மக்களின் வீடுகளுக்காகச் சங்கம் நின்றது. 1973இல் மத்திய அரசு அந்த வீடுகளை அவர்கள் அமைப்புக்கு வாங்கிக் கொடுத்தது.

இதற்கு விலை கொடுத்தவர் யார்? சங்கத் தோழன்தான்! நின்றுபோன ஒவ்வொரு திட்டமும் அவன் இழந்த வேலை, அவன் இழந்த கூலி. "பிழைப்பைக் கெடுத்துக்கொள்ளும் மூடர்கள்" என்று ஏசின பத்திரிகைகள். "கூலிக்காரன் நகரத் திட்டம் போடுவதா?" என்று எகிறினர் மந்திரிமார். நாம் திருப்பிக் கேட்கிறோம். கூலிக்காரன் போடக்கூடாது என்றால், நிலத் தரகன் போடலாமா?

கட்டவே கூடாது என்றார்களா?

இங்கேதான் கவனம் வேண்டும். அந்தச் சங்கத்தைப் 'பழமைவாதிகள், புது வீட்டுக்கு எதிரிகள்' என்று சித்திரிப்பவர் உண்டு. கட்டிடம் கட்டிப் பிழைப்பவன் கட்டிடத்துக்கு எதிரியாவானா? பள்ளி கட்டு, மருத்துவமனை கட்டு, ஏழைக்கு வீடு கட்டு. அலுவலகக் கோபுரம் பாதி காலியாகக் கிடக்கையில் இன்னொரு கோபுரத்துக்காகக் குடும்பங்களைத் துரத்தாதே! இதுதான் அவர்கள் சொன்னது.

சான்று வேண்டுமா? வுலுமுலூ என்ற துறைமுகத்துப் பேட்டையைப் பாருங்கள். அங்கும் உழைப்போர் வீடுகளைத் துடைத்தெறிந்து கோபுரம் எழுப்பத் திட்டம். 1973இல் பசுமைத் தடை. 1975இல் என்ன நடந்தது? மத்திய அரசு, மாநில அரசு, மாநகராட்சி மூன்றும் சேர்ந்து ஒப்பந்தம் செய்தன. பழைய வீடுகளைப் பழுது பார்ப்பது, இடையிடையே புதிய வீடுகளும் கட்டுவது, குறைந்த வருவாய்க்காரருக்கே பெரும்பாலும் கொடுப்பது! பழையதும் நின்றது, புதியதும் எழுந்தது, ஏழையும் அங்கேயே இருந்தான். கிளீப் என்னும் பகுதியில் திருச்சபைக்குச் சொந்தமான நூற்றுக்கணக்கான பழைய வீடுகளை 1974இல் விட்லம் அரசு விலைக்கு வாங்கி, வாடகைக் குடிகளுக்காகவே காத்தது. மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்பதற்கு இவை சாட்சி.

எல்லா இடத்திலும் இப்படி இனிதாக முடியவில்லை. விக்டோரியா தெருவில் குடியிருப்போரை அச்சுறுத்தி வெளியேற்றினர். அவர்கள் பக்கம் நின்று எழுதிய உள்ளூர்ப் பத்திரிகை வெளியீட்டாளர் ஜுவானிட்டா நீல்சன் 1975 ஜூலை 4ஆம் நாள் காணாமற் போனார். அவர் இறந்துவிட்டார் என்று 1983இல் மரண விசாரணை முடிவு கட்டியது. உடல் கிடைக்கவேயில்லை. நிலத்தின் விலை ஏறும்போது மனித உயிரின் விலை எவ்வளவு இறங்கும் என்பதற்கு இதைவிடக் கொடிய கணக்கு உண்டா?

1975இல் சங்கத்தின் தேசியத் தலைமையே நியூ சவுத் வேல்ஸ் கிளையைக் கைப்பற்றி, மன்டி போன்றோரை வெளியேற்றியது. கட்டிட முதலாளிகள் மகிழ்ந்தனர். ஆனால் விதைத்தது வீண்போகவில்லை. 1977இல் பாரம்பரியச் சட்டம். 1979இல் சுற்றுச்சூழல், நகரத் திட்டச் சட்டம். எது கட்டப்படுகிறது என்று தெரிந்துகொள்ளவும் ஆட்சேபிக்கவும் பொதுமகனுக்கு வழி பிறந்தது. அன்று கைதான மன்டியே பிற்காலத்தில் மாநில அரசின் வரலாற்று இல்லங்கள் அறக்கட்டளைக்குத் தலைவரானார். ராக்ஸில் ஓர் இடத்துக்கு அவர் பெயரையே சூட்டினர்.

வெற்றி, முழு வெற்றி என்று பறை முழங்கலாமா? அவசரப்படாதீர்கள்.

சிரியஸ் சொல்லும் பாடம்

ராக்ஸ் போராட்டத்தின் விளைவாக ஒரு கட்டிடம் எழுந்தது. பெயர் சிரியஸ். 1788இல் வந்த கப்பல் ஒன்றின் பெயர் அது. 1980இல் கட்டி முடிக்கப்பட்டது. பெட்டி மேல் பெட்டி அடுக்கினாற்போல் காங்கிரீட், 79 வீடுகள். பாலத்தின் அருகே, கடலைப் பார்த்து நின்றது. யாருக்கு? ராக்ஸ் திருத்தத்தால் இடம் பெயரவேண்டியிருந்த ஏழை வாடகைக் குடிகளுக்கு! டாவ் கோஃபர்ஸ் என்ற அரசுக் கட்டிடக் கலைஞர் வரைந்தது அது. முதியோர்க்கு ஏற்ற வீடு, பெரிய குடும்பத்துக்கு ஏற்ற வீடு, எல்லோரும் கூடப் பொது மண்டபம்.

பார்த்தீர்களா விந்தையை! பல மாடியை எதிர்த்துப் போராடினார்கள் என்று சொல்லப்படும் மக்கள், போராட்டத்தின் கனியாக ஏற்றுக்கொண்டது ஒரு பல மாடிக் கட்டிடம். உயரமா அவர்களுக்குப் பகை? நெருக்கமா அவர்களுக்குப் பகை? துரத்தப்படுவதுதான் பகை. துரத்தாத மாடியை இரு கையேந்தி வரவேற்றார்கள்.

சற்றேறக்குறைய 34 ஆண்டுகள் உருண்டன. 2014 மார்ச்சில் மாநில அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மில்லர்ஸ் பாயின்ட், ராக்ஸ் பகுதிகளில் அரசுக்குச் சொந்தமான 293 வீடுகளும் விற்கப்படும். சிரியஸும் அதில் அடக்கம். குடியிருந்த 400க்கும் மேற்பட்டோர் வேறிடம் போகவேண்டும்! கப்பல் துறைமுகத்தில் முதுகு ஒடிய உழைத்தவர்கள், அவர்களின் விதவைகள், அவர்களின் பிள்ளைகள்.

வீடுகளை இடித்தார்களா? இல்லை! இடிக்க முடியாது, பாரம்பரியச் சட்டம் காவல் நிற்கிறது. சுவரைத் தொடக்கூடாது, சன்னலைத் தொடக்கூடாது, ஓட்டை மாற்றக்கூடாது. உள்ளே இருந்த மனிதனை மட்டும் மாற்றலாம்! பழமைச் சிறப்பு வாய்ந்தது என்ற அந்த முத்திரையே விலையை ஏற்றிவிடும் விளம்பரமாகவும் ஆயிற்று. ஏழைகள் போராடிக் காத்த வீட்டை, அது காக்கப்பட்டது என்பதற்காகவே செல்வர் போட்டியிட்டு வாங்கினர்.

சிரியஸை மட்டும் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கவில்லை. சேர்க்கலாம் என்று பாரம்பரிய மன்றமே பரிந்துரைத்தது. 2016இல் மந்திரி மறுத்தார். பட்டியலில் சேர்த்தால் விற்பனை விலை சுமார் 7 கோடி டாலர் குறையும் என்றார். கட்டிடத் தொழிலாளர் சங்கம் மீண்டும் பசுமைத் தடை அறிவித்தது. 2017இல் நீதிமன்றம் மந்திரியின் முடிவு செல்லாது என்றது. மறுபடியும் மறுத்தது அரசு. வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. மேல்மாடிச் சன்னல் ஒன்றில் 'எஸ்.ஓ.எஸ்.' என்ற விளக்கு மட்டும் இரவில் மின்னிற்று. மூழ்கும் கப்பல் அழைக்கும் குரல் அது. 2018இல் கடைசியாக வெளியேறியவர் பார்வை குன்றிய, தொண்ணூறு வயது கடந்த மூதாட்டி. 2019இல் 15 கோடி டாலருக்குத் தனியாருக்கு விற்கப்பட்டது சிரியஸ். கட்டிடம் இடிபடவில்லை, புதுப்பித்து, விலைமிக்க ஆடம்பர வீடுகளாக மாற்றினர். கல் பிழைத்தது. குடி பெயர்ந்தது.

மன்டி 2020 மே மாதம் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய பலகை இன்றும் அவ்விடத்தில் இருக்கிறது. அவர் யாருக்காகச் சிறைப்பட்டாரோ அவர்களில் பெரும்பாலோர் இல்லை.

அரசு என்ன சமாதானம் சொல்லிற்று? "இங்கே ஒரு வீட்டை விற்றால், தொலைவில் பல வீடு கட்டலாம், வரிசையில் காத்திருக்கும் ஏழைகள் அதிகம் பேருக்குப் பயன்படுமே" என்றது. காத்திருப்போர் பட்டியல் நீண்டது; அவர்கள் துன்பம் மெய். ஆயினும் இந்தக் கணக்கை அதன் முடிவு வரை போட்டுப் பாருங்கள். நிலம் விலையேறிய இடமெல்லாம் ஏழைக்கு ஆகாத இடம் என்றாகும். துறைமுகத்தருகே விலையேறினால் அங்கிருந்து கிளம்பு. ரயிலடி அருகே விலையேறினால் அங்கிருந்தும் கிளம்பு. நகரைக் கட்டியவன் நகரின் விளிம்பிலே நில்! ஏழைக்கு வீடு கட்ட ஏழையின் வீட்டைத்தான் விற்கவேண்டுமா? காலி நிலமும் கருவூலமும் வேறு எவருக்கு?

உரைகல் இதோ

இன்று அதே சிட்னியில் வீட்டு வாடகை உழைப்பவனின் கழுத்தை நெரிக்கிறது. 2024இல் மாநில அரசு, ரயில் நிலையங்களைச் சுற்றி அடுக்கு வீடுகள் எழ வழிவிட்டது. செல்வர் மிகுந்த கு-ரிங்-காய் நகராட்சி, மரங்களும் பாரம்பரியப் பகுதிகளும் கெடும் என்று முறையிட்டு நீதிமன்றம் ஏறிற்று. அவர்கள் சொல்வது அத்தனையும் பொய் என்று நாம் சொல்லவில்லை. மரம் மரம்தான், அழகு அழகுதான். ஆனால் பெரிய தோட்டத்தோடு கூடிய பெரிய வீடுகள் நிறைந்த ஊரில், ஆறு மாடிக் கட்டிடம் வந்தால் எந்த ஏழை துரத்தப்படுவான்? ஒருவனுமில்லை. வாடகைக்கு வீடு தேடி அலையும் செவிலியும், பஸ் ஓட்டுபவனும், ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு கூரை பெறக்கூடும். அங்கே 'பாரம்பரியம்' என்ற சொல் யாரைக் காக்கிறது? யாரை வெளியே நிறுத்துகிறது?

ராக்ஸிலும் அதே சொல்தான். கு-ரிங்-காயிலும் அதே சொல்தான். ஓரிடத்தில் அது ஏழையின் கேடயம். ஓரிடத்தில் அது செல்வனின் மதில். 'வளர்ச்சி' என்ற சொல்லும் அப்படியே. சிரியஸ் எழுந்தபோது அது ஏழைக்குக் கூரை. ராக்ஸை இடிக்க வந்தபோது அது ஏழையின் தலையில் இடி.

ஆகவே, தோழர்களே, "பழமையா, புதுமையா?" என்று கேட்பவனிடம் ஏமாறாதீர்கள். "ஒரு மாடியா, பத்து மாடியா?" என்ற பட்டிமன்றத்திலும் சிக்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இப்போது இங்கே குடியிருப்பவன் யார்? வேலை முடிந்த பிறகு இங்கே குடியிருக்கப் போகிறவன் யார்? இதை முடிவு செய்த கூட்டத்தில் குடியிருப்பவனுக்குக் கை தூக்க உரிமை இருந்ததா?

இருக்கிறவன் வெளியேற, வேறொருவன் நுழைவதாக இருந்தால், இடித்துக் கட்டினாலும் அநியாயம். இடிக்காமல் மெருகேற்றினாலும் அநியாயம். இருக்கிறவனும் இருந்து, இன்னும் பத்துப் பேருக்கு இடம் கிடைப்பதாக இருந்தால், எத்தனை மாடியானாலும் எழுப்புங்கள். நம் தோழன்தான் சாரம் கட்டப் போகிறான், மகிழ்ச்சியோடு கட்டுவான்.

வீட்டைக் காக்கும் சட்டத்தோடு வாடகைக் குடியைக் காக்கும் சட்டமும் கூடவே பிறக்கவேண்டும். பொது நிலத்தில் நிற்கும் பொது வீட்டை விற்க எந்த மந்திரிக்கும் உரிமை இருக்கக்கூடாது. புதிதாக எழும் மாடியில் இத்தனை பங்கு குறைந்த வருவாய்க்காரனுக்கு, அதுவும் நிரந்தரமாக என்று எழுத்தில் இருக்கவேண்டும். 1971இன் தடை இவற்றைப் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுவந்தது. ஏட்டில் நிலைக்கச் செய்யவில்லை. அந்த இடைவெளி வழியாகத்தான் 2014 நுழைந்தது. சங்கம் வலுவாக இருந்த வரை குடி நிலைத்தது. சங்கம் உடைந்தது; சட்டம் கல்லுக்கு மட்டும் காவல் நின்றது.

கைதி வெட்டிய பாறை, கூலி கட்டிய சுவர், சுமைக்காரன் தேய்த்த படிக்கட்டு — அவற்றைப் பார்க்க இன்று ராக்ஸுக்கு உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். பார்க்கட்டும். ஆனால், அந்தச் சுவரைக் கட்டியவனின் பேரன் எங்கே குடியிருக்கிறான் என்றும் வழிகாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்.